வீட்டு வைஃபைக்கு எந்த என்கிரிப்ஷன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட்டரின் செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி’ என்ற பெட்டியைத் திறந்தால் ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக நிற்கும். எதைத் தொடுவது என்று தெரியாமல் பலரும் அப்படியே மூடிவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அவசரக்காரர்கள் 1, 7 இரண்டையும் மட்டும் படித்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

1. சுருக்கமா சொல்லுங்க, எதை செலக்ட் பண்ணணும்?

ரூட்டரிலும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் வசதி இருந்தால் டபிள்யூபிஏ3-பெர்சனல். ரூட்டரில் இருந்தும் சில கருவிகள் பழையவை என்றால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 மிக்ஸ்டு (10-ஐப் பாருங்கள்). ரூட்டரிலேயே இல்லையென்றால் டபிள்யூபிஏ2-பெர்சனல், அதில் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறை. சில ரூட்டர்கள் ‘பெர்சனல்’ என்பதை ‘பிஎஸ்கே’ என்றும், ஏஇஎஸ்ஸை ‘சிசிஎம்பி’ என்றும் காட்டும். பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றுதான்.

தொடவே கூடாதவை: ஓபன் (பாஸ்வேர்டே இல்லாதது), டபிள்யூஇபி, வெறும் டபிள்யூபிஏ, பெயரில் ‘டிகேஐபி’ ஒட்டிக்கொண்டிருக்கும் எதுவும். ‘ஆட்டோ’ என்று இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். பல ரூட்டர்களில் அது பழைய முறைகளையும் சேர்த்தே அனுமதிக்கும்.

2. அதான் பாஸ்வேர்ட் போட்டாச்சே, என்கிரிப்ஷன்னு தனியா எதுக்கு?

வைஃபை ரேடியோ அலை. சுவரைத் தாண்டித் தெரு வரைக்கும் போகும், எட்டும் தூரத்தில் இருக்கிற யாரும் அதைப் பிடிக்கலாம். பிடித்தாலும் புரியாதபடி மாற்றி அனுப்புவதுதான் என்கிரிப்ஷன். நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்ட் அதற்கு மூலப்பொருள் மட்டுமே.

டபிள்யூபிஏ2 இதை எப்படிச் செய்கிறது என்றால், பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4096 சுற்றுக் கணக்குப் போட்டு 256 பிட் சாவி ஒன்றை உண்டாக்கும். பிறகு ஒவ்வொரு முறை போன் இணையும்போதும் ரூட்டரும் போனும் நான்கு செய்திகள் பரிமாறி, அந்த இணைப்புக்கு மட்டுமான புதுச் சாவியை எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் ஒருபோதும் காற்றில் போவதில்லை. ஆனால் அந்த நான்கு செய்திகள் போகின்றன. இது 7-ஆம் கேள்வியில் முக்கியமாகப் போகிறது.

3. ஓபனா விட்டா என்ன? நம்மகிட்ட திருட என்ன இருக்கு?

திருட்டை விடுங்கள். உங்கள் இணைப்பிலிருந்து யார் எதைச் செய்தாலும் வெளியுலகுக்கு அது உங்கள் முகவரியாகத்தான் தெரியும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. பாதுகாப்பில்லாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணையில் உட்கார வேண்டியிருந்தது அவர்தான்.

4. டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, 2, 3... ஏன் இத்தனை?

முன்னது உடைந்ததால் அடுத்தது வந்தது. டபிள்யூஇபி 1997-இல் முதல் வைஃபை தரத்தோடு வந்தது. அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் (பாக்கெட்) சாவியோடு 24 பிட் எண் ஒன்றைச் சேர்க்கும். 24 பிட் என்றால் சுமார் 1.67 கோடி எண்கள். நெரிசலான நெட்வொர்க்கில் சில மணி நேரத்திலேயே அவை தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும். அந்த எண்ணைச் சேர்த்த விதத்திலேயே வேறொரு ஓட்டை இருப்பதை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-இல் காட்டினார்கள். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டபிள்யூஇபியை ஒரு நிமிடத்துக்குள் உடைத்தார்கள். இங்கே பாஸ்வேர்டை எவ்வளவு கடினமாக வைத்தாலும் பலனில்லை, ஓட்டை முறையிலேயே இருக்கிறது.

2003-இல் வந்த டபிள்யூபிஏ ஓர் இடைக்கால ஒட்டு. விற்றுப்போன பழைய ரூட்டர்களைத் தூக்கிப் போடாமல் மென்பொருள் அப்டேட்டிலேயே சமாளிக்க, டிகேஐபி என்ற முறையைக் கொடுத்தார்கள். 2004-இல் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸோடு வந்தது. 2006 மார்ச்சிலிருந்து, வைஃபை முத்திரை பெற விண்ணப்பிக்கும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயமானது. டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல், கட்டாயமானது 2020 ஜூலையில். ஆக, உங்கள் வீட்டில் டபிள்யூபிஏ2 கூடத் தெரியாத கருவி ஏதாவது இருந்தால் அதற்கு ஓய்வு கொடுக்கும் வயதாகிவிட்டது.

5. ‘டிகேஐபி + ஏஇஎஸ்’னு ஒண்ணு இருக்கே, ரெண்டும் சேர்ந்தா டபுள் பாதுகாப்புதானே?

இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசுவதில்லை, ‘இரண்டில் எதைப் பேசினாலும் உள்ளே விடுவேன்’ என்பதுதான் அதன் பொருள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஒலிபரப்பாகும் செய்திகளைக் கடைசிப் பழைய கருவியும் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் அந்தப் பொதுச் சாவி டிகேஐபிக்கு இறங்கிவிடும். டிகேஐபியின் பலவீனத்தை 2008-லேயே காட்டிவிட்டார்கள்.

வேகமும் போகும். வைஃபையின் 802.11என் தரத்திலிருந்து டிகேஐபிக்கு உயர் வேகம் கிடையாது, அதில் இணையும் கருவி விநாடிக்கு 54 மெகாபிட்டில் நின்றுவிடும். கையில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. 200 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு 20-ஐத் தாண்டவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிடலாம். ஐஃபோனில் வைஃபை பெயருக்குக் கீழே ‘வீக் செக்யூரிட்டி’ என்று எச்சரிக்கை வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஏஇஎஸ்ஸோ வேகத்தைக் குறைக்காது. அதற்கான கணக்கை வைஃபை சிப்பே செய்துகொள்ளும்.

6. இதை எங்க போய் மாத்தறது?

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், போனில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரத்தைத் திறந்து ‘கேட்வே’ அல்லது ‘ரூட்டர்’ என்ற வரியில் இருக்கும் எண்ணை எடுத்து பிரவுசரில் அடியுங்கள். உள்ளே போனதும் வயர்லெஸ், அதற்குள் செக்யூரிட்டி. சில நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் பெட்டியில் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது அவர்களுடைய ஆப்பில் பாருங்கள், இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவையில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

முடிந்தால் லேன் கேபிளில் இணைந்த கணினியிலிருந்து செய்யுங்கள். வைஃபையில் இருந்தபடி மாற்றினால் ‘சேவ்’ அழுத்திய நொடியே நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள். இன்னொன்று: 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் பல ரூட்டர்களில் தனித்தனிப் பக்கம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றைப் பழைய டிகேஐபியிலேயே விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வந்த கையோடு அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் வேறுவேறு. ‘அட்மின்/அட்மின்’ என்றே இருந்தால் வைஃபைக்குள் வரும் யாரும் நீங்கள் செய்ததையெல்லாம் பழையபடி மாற்றலாம்.

7. பாஸ்வேர்ட் எப்படி இருக்கணும்? எங்க வீட்ல என் மொபைல் நம்பர்தான்.

மொபைல் எண் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள். காரணம் இதுதான். 2-இல் சொன்ன நான்கு செய்திகளை வாசலில் நின்று பதிவு செய்துகொள்ள முடியும். உங்கள் போனை ஒரு நொடி துண்டித்துத் திரும்ப இணைய வைத்தும் பிடிக்கலாம். 2018-இல் வெளிவந்த இன்னொரு வழியில், யாரும் இணையாமலே ரூட்டரிடமிருந்து சோதிக்கத் தேவையானதை வாங்கிவிட முடிகிறது, பல ரூட்டர்களில். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. தன் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடெல்லாம் அங்கே கிடையாது.

இப்போது கணக்கு. விளையாட்டுக்கு வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று விநாடிக்கு 10 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய உயர்ரகக் கார்டுகள் அதையும் தாண்டும். இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9-இல் ஒன்றில்தான் தொடங்கும். மொத்தமே 400 கோடி. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 4000 விநாடி, ஒரு மணி நேரமும் சொச்சமும். பிறந்த தேதியை எட்டு இலக்கமாக வைத்திருந்தால் நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,525 தேதிதான். ஒரு விநாடிகூட ஆகாது. சம்பந்தமில்லாத எட்டுச் சின்ன எழுத்து என்றால் இரண்டரை நாள். அதே பன்னிரண்டு எழுத்தானால் 3000 ஆண்டு. நான்கே எழுத்து கூடுதல், அதற்கு இத்தனை வித்தியாசம்.

நீளத்தோடு, யூகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். குழந்தையின் பெயரும் ‘@123’-உம் சேர்ந்தால் பன்னிரண்டு எழுத்து வரலாம். ஆனால் உடைப்பவர்களின் பட்டியல் தொடங்குவதே அங்கேதான். சினிமாப் பாட்டு வரி, குறளின் முதல் அடி, வீட்டு எண், வண்டி எண் எல்லாம் இதே ரகம். எளிய வழி: ஓர் அகராதியைக் கண்ட இடத்தில் ஐந்து முறை திறந்து, கண்ணில் பட்ட ஐந்து சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். உலக்கை, தபால், மின்மினி, கருப்பட்டி, ஏணி என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) டபிள்யூபிஏ2 ஏற்பது 8 முதல் 63 எழுத்து வரை. தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். பல ரூட்டர்கள் ஏற்காது, ஏற்றாலும் டிவியில் அடிக்க முடியாது. ரிமோட்டில் அடிக்கும் அவஸ்தையை நினைத்தால், குறியீடுகள் கலந்த குட்டி பாஸ்வேர்டைவிடச் சின்ன எழுத்திலேயே நீளமானது நல்லது.

8. ரூட்டர் ஸ்டிக்கர்ல இருக்கற பாஸ்வேர்டையே வெச்சுக்கலாமா?

மாற்றிவிடுங்கள். கடந்த காலத்தில் சில தயாரிப்புகளில் அது கருவியின் வரிசை எண்ணிலிருந்தோ மேக் முகவரியிலிருந்தோ (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உள்ள அடையாள எண்) கணக்கிடப்பட்டதாக இருந்து, கணக்கு வெளியே வந்திருக்கிறது. தவிர, ரூட்டரைக் கையில் எடுத்த எல்லோரும் பார்த்த பாஸ்வேர்ட் அது. நெட்வொர்க் பெயரையும் மாற்றுங்கள். 2-இல் சொன்ன கணக்கில் பெயரும் ஒரு பகுதி என்பதால், ஆயிரம் வீடுகளில் இருக்கும் பெயருக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம். புதுப் பெயரில் கதவு எண் வேண்டாம்.

9. டபிள்யூபிஏ3 வந்தா பாஸ்வேர்ட் சின்னதா இருந்தாலும் பரவாயில்லையா?

அதன் பெரிய லாபமே இதுதான். எஸ்ஏஇ என்ற புதிய கைகுலுக்கலில் (இணையும்போது ரூட்டரும் போனும் செய்துகொள்ளும் செய்திப் பரிமாற்றம்), பதிவு செய்து எடுத்துப்போனதை வைத்து வீட்டில் சோதிக்க முடியாது. ஒவ்வொரு யூகத்துக்கும் ரூட்டரோடு நேரில் பேசியாக வேண்டும். விநாடிக்குப் பத்து லட்சம் என்ற பேச்சே இல்லை. 2019-இல் வான்ஹூஃப், ரோனன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதிலும் சில ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள், அப்டேட்டில் அவை அடைக்கப்பட்டன.

ஆனாலும் மொபைல் எண் கூடாது. உங்களைத் தெரிந்தவர் சோதிக்க ஒரு தடவை போதும். அடுத்த பதிலில் வரும் மிக்ஸ்டு முறையில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சலுகை அறவே இல்லை.

10. ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 மிக்ஸ்டு’ நல்லதா? 5-ல மிக்ஸ்டு வேணாம்னீங்களே?

5-இல் சொன்னது உடைந்த டிகேஐபியோடு கலப்பது. இங்கே கலப்பவை இரண்டுமே ஏஇஎஸ். புதுப் போன்கள் எஸ்ஏஇ வழியாகவும் பழையவை டபிள்யூபிஏ2 வழியாகவும் உள்ளே வரும். ஆண்ட்ராய்டு 10, விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு ஆகியவற்றிலிருந்து டபிள்யூபிஏ3 ஆதரவு உண்டு, சிப்பும் டிரைவரும் ஒத்துழைத்தால். ஐஃபோனில் 7-உம் அதற்குப் பின் வந்தவையும். இன்றைய சராசரி வீட்டுக்கு இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு வழிக்கும் ஒரே பாஸ்வேர்ட். உடைக்க நினைப்பவர் டபிள்யூபிஏ2 வழியைத்தான் தாக்குவார். அதே பெயரில் டபிள்யூபிஏ2 மட்டும் பேசும் போலி நெட்வொர்க் ஒன்றை வைத்துப் புதுப் போனையும் அந்த வழிக்கு இறக்கப் பார்க்கலாம். எனவே 7-இல் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். பக்கத்தில் ‘பிஎம்எஃப்’ என்று ஒரு பெட்டி இருந்தால் ‘கேப்பபிள்’ அல்லது ‘ஆப்ஷனல்’ என வையுங்கள். போனை வலுக்கட்டாயமாகத் துண்டிக்கும் போலிச் செய்திகளை மறுப்பது அதன் வேலை. ‘ரிக்வயர்டு’ என்று வைத்தால் பழைய கருவிகள் வெளியே நின்றுவிடும்.

11. மாத்தினதுலேர்ந்து பிரிண்டரும் ஸ்மார்ட் பல்பும் சேர மாட்டேங்குது. பாஸ்வேர்ட் தப்புன்னு வருது, ஆனா சரியாத்தான் அடிக்கிறேன்.

பாஸ்வேர்ட் சரியாகவே இருக்கலாம். புரியாத கைகுலுக்கலைப் பார்த்தாலும் பல கருவிகள் அதே செய்தியைத்தான் காட்டும். முதலில் அந்தக் கருவியில் பழைய வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்துப் புதிதாகச் சேருங்கள், பாதிப் பிரச்சினை இதிலேயே போய்விடும். நகரவில்லையென்றால் பிஎம்எஃப்பை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஸ்மார்ட் பல்ப், பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் முதல் அமைப்பின்போது குழம்பும், அந்த நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வையுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? அந்த ஒரு பிரிண்டருக்காக வீடு முழுவதையும் இறக்காதீர்கள். விருந்தினருக்கென்று ரூட்டரில் இருக்கும் தனி கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-இல், டபிள்யூபிஏ2-ஏஇஎஸ்ஸில், வேறு பாஸ்வேர்டோடு திறந்து பல்பு, பிளக், கேமரா எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள். பிரிண்டருக்கு இது ஒத்துவராமல் போகலாம், கெஸ்ட்டில் இருப்பதை மெயினில் இருக்கும் கணினி பார்க்காது. அதை யூஎஸ்பியிலோ லேன் கேபிளிலோ இணைத்துவிடலாம்.

12. டபிள்யூபிஎஸ் பட்டன் வசதியாத்தானே இருக்கு, அதுல என்ன?

டபிள்யூபிஎஸ் என்பது பாஸ்வேர்ட் அடிக்காமலே கருவியை இணைக்கும் வசதி. பட்டனைவிட, அதோடு வரும் எட்டு இலக்கப் பின் எண்தான் ஆபத்து. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், மீதியையும் ரூட்டர் முதல் நான்கு, அடுத்த மூன்று என இரண்டு துண்டாகச் சோதித்து ‘முதல் பாதி சரி’ என்று காட்டிக்கொடுத்துவிடும். 10,000-உம் 1000-உம் சேர்த்து 11,000 முயற்சி, அவ்வளவுதான். 2011 டிசம்பரில் இது வெளியானது. பின் எண் கிடைத்தால் உங்கள் ஐந்து சொல் பாஸ்வேர்டை ரூட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். டபிள்யூபிஎஸ்ஸை முழுவதுமாக அணைத்துவிடுங்கள்.

13. நெட்வொர்க் பேரை மறைச்சு வெச்சு, மேக் ஃபில்டரும் போட்டிருக்கேன். அது போதாதா?

போதாது. மறைத்த பெயரை உங்கள் போனே ‘இருக்கிறாயா?’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். மேக் ஃபில்டர் பட்டியலில் உள்ள மேக் முகவரிகளை மட்டுமே உள்ளே விடும். ஆனால் மேக் முகவரி என்கிரிப்ஷன் இல்லாமலே ஒவ்வொரு பாக்கெட்டிலும் போகிறது, பார்த்து அப்படியே நகலெடுக்கலாம். புதுப் போன்கள் நெட்வொர்க்குக்கு ஒரு போலி மேக் வைத்துக்கொள்வதால் உங்களுக்குத்தான் தலைவலி.

14. மாடி வீட்டுக்காரங்களோட நெட்டை ஷேர் பண்றோம். நாங்க பாக்கறதை அவங்களால பாக்க முடியுமா?

டபிள்யூபிஏ2-இல், விஷயம் தெரிந்தவரானால், ஓரளவு முடியும். பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், உங்கள் போன் இணையும்போது போகும் நான்கு செய்திகளையும் பிடித்தால் அந்த இணைப்பின் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். வங்கி, வாட்ஸ்அப் போன்றவற்றுக்குத் தனி என்கிரிப்ஷன் இருப்பதால் உள்ளடக்கம் தெரியாது, எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியக்கூடும். டபிள்யூபிஏ3-இல் பாஸ்வேர்ட் தெரிந்தவராலும் மற்றவர் இணைப்பின் சாவியை இப்படிக் கணக்கிட முடியாது.

அவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள். காலி செய்து போகும்போது அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். ‘பாஸ்வேர்ட் சொல்லல, க்யூஆர் கோடுதான் காட்டினேன்’ என்று நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்தக் கோடுக்குள் பாஸ்வேர்ட் அப்படியே எழுத்தாக இருக்கிறது, எந்த ஸ்கேனரும் படித்துக் காட்டும்.

15. 2017-லயே டபிள்யூபிஏ2-வை உடைச்சுட்டாங்களாமே?

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப் வெளியிட்ட ‘கிராக்’ தாக்குதலைச் சொல்கிறீர்கள். நான்கு செய்திகளில் மூன்றாவதைத் திரும்ப அனுப்பி, ஏற்கெனவே பயன்படுத்திய சாவியையே கருவி மறுபடி பொருத்தும்படி ஏமாற்றுவது அது. அதில் பாஸ்வேர்ட் வெளிவராது, தாக்குபவர் அருகில் இருக்க வேண்டும், அப்டேட்டில் சரியாகிவிட்டது. பெரும்பாலும் சரிசெய்ய வேண்டியிருந்தது ரூட்டரை அல்ல, போனையும் லேப்டாப்பையும். அதனால் அந்த அப்டேட் வராத பழைய ஆண்ட்ராய்டு போன் வீட்டில் இருந்தால், வங்கி வேலைக்கு அதை எடுக்காதீர்கள்.

16. என்டர்பிரைஸ்னு ஒண்ணு இருக்கே, அது இன்னும் ஸ்ட்ராங்கா?

அதற்கு ஆளுக்கொரு கணக்கு வைத்துச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வேண்டும். வீட்டில் அது இல்லாமல் தேர்ந்தெடுத்தால் எதுவுமே இணையாது.

17. எல்லாம் சரியா வெச்சிருந்தேன். டெக்னீஷியன் வந்து போனதும் மறுபடி பழைய மாதிரி ஆயிடுச்சு, ஏன்?

ரீசெட் பொத்தானை அழுத்தியிருப்பார். தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும்போது ஸ்டிக்கர் பாஸ்வேர்ட், அட்மின் பாஸ்வேர்ட், டபிள்யூபிஎஸ், சிலவற்றில் டிகேஐபி கலவையும் திரும்பி வந்துவிடும். பெட்டியை மாற்றிக் கொடுத்தாலும் இதே கதைதான். அவர் கிளம்பியதும் 6-இல் சொன்னபடி உள்ளே போய், இரண்டு பேண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மாடிக்கு வைஃபையை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் போட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெயின் ரூட்டரில் டபிள்யூபிஏ3 வைத்துவிட்டு, எக்ஸ்டெண்டர் டபிள்யூபிஏ2 மட்டுமே பேசினால் அது இணையவே இணையாது, மிக்ஸ்டுக்கு இறங்க வேண்டியிருக்கும். சில எக்ஸ்டெண்டர்கள் முதல் அமைப்புக்காகத் திறக்கும் பாஸ்வேர்ட் இல்லாத நெட்வொர்க், வேலை முடிந்த பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். போனின் வைஃபை பட்டியலில், பூட்டுக் குறி இல்லாமல் எக்ஸ்டெண்டர் கம்பெனியின் பெயரோடு ஏதாவது தெரிந்தால் அது உங்களுடையதா என்று பாருங்கள். அதன் செட்டிங்ஸில் எக்ஸ்டெண்டெட் நெட்வொர்க் பகுதியில் பாஸ்வேர்ட் கொடுத்து, டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் வைத்தால் மூடிக்கொள்ளும்.